தட்டினால் அடங்கும்

புழுதான். வேறென்ன இருக்கப்போகிறது என்று ராஜமேரி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஐந்து மாதமாக இதையேதான் சொல்லிக்கொள்கிறாள்.

எண்பத்தாறு பங்குனி. மாரண்டஹள்ளியில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பியிருந்தாள். வீட்டுக்குள் புதுப் பெஞ்சு ஒன்று கிடந்தது. மிச்சப் பலகையில் செய்யச் சொன்னதாகப் புருஷன் அருள்நாதன் சொன்னான்.

எதில் மிச்சம் என்று அவளுக்குத் தெரியும்.

அவர்கள் தோட்டத்து மாமரத்தில் நீள மீசை வண்டு பட்டையைக் கடித்துக் கீறி, கீறலுக்கு ஒன்றாக முட்டை வைத்திருந்தது. விரல் தடிமன் புழுக்கள் மரத்தின் நடு வைரம்வரை குடைந்து தின்றன. துளைகளில் மரத்தூள் வழிந்தது. போன ஐப்பசியில் மரத்தை வெட்டி அறுத்தார்கள். அந்த வாரமே நாத்தனார் இசபெல்லா நாள்பட்ட காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அடைமழையில் டவுனுக்குப் போக வழியில்லை. அந்த ஈரப்பலகையிலேயே சவப்பெட்டி செய்தார்கள்.

மூடியில் கடைசி ஆணி இறங்கும்போது உள்ளே கறகறவென்றது.

ஆசாரி கையை நிறுத்திவிட்டு ராஜமேரியைப் பார்த்தார். மூன்று மாதம் இசபெல்லாவுக்குக் கஞ்சி ஊட்டி, பாய் அலசி, உட்கார்ந்தபடியே தூங்கியவள் அவள். மரத்தைத் தட்டினால் புழு அடங்கிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். குனிந்து, மூடியில் காதை வைத்துத் தட்டினாள்.

அடங்கவில்லை.

வேகமானது.

மழை இரைச்சலில் அது அவள் காதுக்கு மட்டும்தான் கேட்டது. நிமிர்ந்து, "புழுதாங்க. அடங்கிடுச்சு" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? தூக்கம் வந்தது. அதைத் தவிர வேறு காரணம் இன்றுவரை அவளுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது பெஞ்சுக்குள் கறகறவென்றது.

"பாரேன், நம்மளவிட அதுக்கு ஆயுசு கெட்டி" என்று அருள்நாதன் சிரித்தான். மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சையும் ஒரு உருண்டை களிமண்ணையும் அவளிடம் நீட்டினான். "ஓட்டையில திணிச்சு மேல அப்பிடு. உள்ளயே மூச்சு முட்டிச் செத்துரும்."

அவள் மண்டியிட்டாள். துளைக்குக் கீழே மரத்தூள் இல்லை.

ஈரச் செம்மண்.

வெளியே மழை பெய்து மாதக்கணக்காகிறது. கல்லறையில் அன்று அவள் கைப்பிடி அள்ளிப் போட்ட மண்ணின் வாசனை.

பெஞ்சை மெல்லத் தட்டினாள்.

வேகமானது.

"என்ன மேரி, அடைக்கலயா?"

பஞ்சை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இல்லீங்க" என்றாள். "இந்தத் தடவ நான் அடைக்க மாட்டேன்."