கத்தரிக்கோலுக்குக் கீழே

டுமீல்!

கோர்ட் கட்டடமே ஒரு முறை அதிர்ந்தது.

கொலை வழக்கின் ஒரே சாட்சியான பஸ் கண்டக்டர், கூண்டுக்குள்ளேயே சரிந்தார். சுட்டவனை அங்கேயே அமுக்கிவிட்டார்கள்.

ஆனால்... துப்பாக்கி உள்ளே வந்தது எப்படி?

பத்தே நிமிடத்தில், வாசலில் பைகளை எக்ஸ்ரே மெஷினில் பார்க்கும் பெண், தன் திரைக்கு முன்னாலேயே நிறுத்தப்பட்டாள். அறையின் மூலையில் பெஞ்சில் சுட்டவன். விலங்கு வரும்வரை ஏட்டு அவன் காலரை முறுக்கிப் பிடித்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் திரையைத் தட்டினார்.

"இவனோட பை. என்ன தெரியுது?"

"கத்தரிக்கோல் சார்."

"அதுக்குக் கீழ?"

பார்த்தாள். வலது மூலையில், ஷூவுக்கு அடியில்... முழுசாக ஒரு துப்பாக்கி!



"பதினோரு செகண்ட் உன் கண்ணு முன்னால நின்னிருக்கு. பச்சைக் குழந்தை கண்டுபிடிச்சிடும்!"

"கத்தரிக்கோல் பளிச்சுன்னு கண்ணை இழுத்துச்சு சார். அதை எடுத்து வெளிய வெச்சேன். அதோட கண்ணு அடங்கிடுச்சு. ஒண்ணு கிடைச்சதும் மனசு தேடுறதை நிறுத்திடும் சார்... நம்ம கையில இல்ல!"

"மனசு மேல எஃப்.ஐ.ஆர். போட முடியாதும்மா. உன் மேலதான் போடணும்."

"ஒரு பொருளை எடுத்தா பையை மறுபடி மெஷின்ல விடணும். விடத்தான் போனேன். கழுகு சார்தான், வரிசை நிக்குது அனுப்பித் தொலைன்னாரு!"

கழுகு அவளுடைய சூப்பர்வைசர். அவர் பார்வைக்கு ஊசிகூடத் தப்பாது என்பதால் அந்தப் பெயர்.

"அவரு அப்படிச் சொன்னதுக்குச் சாட்சி?"

இல்லை.

"எங்க வீட்ல காலேஜ் வாசலைத் தாண்டின முதல் ஆளு நான் சார். அடுத்தவன் ஜட்டியும் துண்டும் பாக்குற வேலைதான் கிடைச்சுது. அதையும் ஒழுங்காத்தான் பாத்தேன்!"

"அதோ, அவன் வாயைத் திறந்து, 'இந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது'ன்னு சொல்லணும். அதுவரைக்கும் நீ கூட்டாளி."

பெஞ்சில் இருந்தவன் சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

அப்போதுதான் கழுகு உள்ளே வந்தார்.

"பாவம் சார், சின்னப் பொண்ணு. ஒண்ணு கிடைச்சா ரெண்டாவதைத் தேடுன்னு தலையில அடிச்சிக்கிட்டேன். கேட்டாத்தானே!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் மட்டும் மெல்ல நகர்ந்து ஒரு பொத்தானை அழுத்தியது. யாரும் கவனிக்கவில்லை. கழுகிடம் திரும்பினாள்.

"சார்... இந்தப் படத்தை நீங்க முன்னாடி பாத்தீங்களா?"

"நான் எங்கம்மா பாத்தேன்? காலையில இருந்து மாடியில மீட்டிங்."

"அப்ப துப்பாக்கி எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்தபடியே திரையில் விரலை வைத்தார் கழுகு. "இதோ... வலது மூலை. ஷூவுக்கு அடியில."

விரலுக்குக் கீழே ஒரு தண்ணி பாட்டில்!

"படத்தை இப்பதான் இடம் வலமாத் திருப்பிப் போட்டேன் சார்! துப்பாக்கி இப்ப இடது பக்கம். அவரு படத்தைப் பாத்துக் காட்டல. ஏற்கெனவே தெரிஞ்ச இடத்தைக் காட்டுறாரு!"

கழுகின் முகம் வெளுத்தது. அடுத்த நொடி கதவை நோக்கிப் பாய்ந்தார்!

"புடி அவனை!"

இன்ஸ்பெக்டர் பாய்ந்தார். ஏட்டு பாய்ந்தார். நாற்காலி உடைந்தது. மூவரும் வாசற்படியில் உருண்டார்கள்.

"சபாஷ்மா!" கழுகின் முதுகில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார் இன்ஸ்பெக்டர். "மாட்டினான் பாரு!"

தரையில் கன்னம் அழுந்தக் கிடந்த கழுகு இளித்தார்.

"தனியா இல்ல சார்... நானும் இவளும் சேர்ந்துதான் செஞ்சோம்!"

"பொய் சார்! அதோ அவனைக் கேளுங்க! அவனுக்குத் தெரியும்..."

திரும்பினாள்.

பெஞ்சு காலி.

பின்கதவு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

ஏட்டு தன் வெறும் கையையே வெறித்துப் பார்த்தார். அந்தக் காலரை எப்போது விட்டார்? அவருக்கே தெரியவில்லை.

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"விலங்கு வந்தா எனக்கே போட்டுடுங்க சார்... நீங்களும் கத்தரிக்கோலை எடுத்துட்டு, துப்பாக்கியைத் தப்ப விட்டுட்டீங்க!"