பதினேழாம் நம்பர் ஏறிவிட்டான்

சித்தியிடம் இன்னும் பதினாறு மணி நேரம்தான் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு எறும்பு பள்ளியிலிருந்து வந்தபோது, சித்தி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நகம் கடித்துக்கொண்டிருந்தாள். வந்தவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சித்தி அப்படி இருக்கிற ஆள் இல்லை.

எறும்பு என்பது சித்தி வைத்த பெயர்தான். தன்னைவிடப் பெரிய பையை முதுகில் தூக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் விறுவிறுவென்று நடப்பதால் அந்தப் பெயர். எறும்புக்கு இப்போது பத்து வயது. பை இன்னும் சிறியதாகவில்லை.

சித்தி கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவள். இரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்க்கும் வேலைதான் அவளுக்குக் கிடைத்திருந்தது. இப்போதுதான் முதன்முதலாக ஒரு வேலையை அவள் ஒருத்தியை நம்பிக் கொடுத்திருந்தார்கள். அதுவும் எறும்பு படிக்கும் பள்ளியில்.

வேலை இதுதான். பள்ளிப் பேருந்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. யாராவது இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டால், அந்த இருக்கையின் எண் அதில் பதிவாகும். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கும் எரியும். பள்ளியின் வாயிலில் இன்னொரு கம்ப்யூட்டர். மாணவர்கள் அதில் அட்டையை வைத்துவிட்டு உள்ளே போவார்கள். மூன்றாவது கம்ப்யூட்டர், பெற்றோரின் போனுக்குச் செய்தி அனுப்புவது.

மூன்றையும் செய்தது மூன்று கம்பெனிகள். ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. அவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். பிள்ளை பேருந்தில் ஏறியதும், பள்ளிக்குள் நுழைந்ததும், மாலையில் இறங்கியதும் வீட்டுக்குத் தானாகச் செய்தி போக வேண்டும்.

சித்தி சேர்த்தும் வைத்தாள். முதல் நாளே குளறுபடி.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கு வரும்படி தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அதற்குள் சரியாகவில்லை என்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டால் சித்தி மறுபடியும் பிழை பார்க்கும் மேசைக்கே போக வேண்டியதுதான். அவளது இரண்டு கைகளிலும் கடிக்க அதிக நகம் மிச்சமில்லை.

இரவு சாப்பாட்டின்போது அம்மா மடிக்கணினியை மூடி, அதன்மேல் தட்டை வைத்தாள். அதற்குப் பிறகுதான் சித்தி வாயைத் திறந்தாள்.

"பதினேழாம் நம்பர் சீட்ல ஒரு பையன்க்கா. அவன் பஸ்ல ஏறிட்டான்னு அவங்க அப்பாவுக்கு மெசேஜ் போகுது. அந்த நேரத்துல அவன் வீட்ல, வாய் நிறைய நுரையோட பல்லு விளக்கிட்டு நிக்கிறான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தி சிரிக்கவில்லை.

நாலாம் நம்பர் இருக்கையும் சரியில்லை என்று அவள் சொன்னாள். அங்கே உட்கார வேண்டியவர் ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் தாமதமாக ஏறியதாகவே பதிவாகிறது. பேருந்தில் ஒயர் மாறியிருக்கும் என்று நினைத்து, சித்தி தன் நிரலில் நாலையும் பதினேழையும் இடம் மாற்றிப் பார்த்தாள். மறுநாள் காலையில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மாலையில் அந்தப் பையன் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அவரது சட்டைப் பையில் இருந்த போனோ, மகன் இன்னும் பேருந்தில் இருப்பதாகச் சொன்னது.

"காலையில மாறுது, சாயங்காலம் மாற மாட்டேங்குது. ஒயருக்கு நேரம் பாக்கத் தெரியுமா?" என்றாள் சித்தி.

பேருந்துக் கம்பெனிக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டர் சரி என்றார்களாம். பள்ளி வாயில் கம்ப்யூட்டரின் கம்பெனிக்காரர்களும் அதையே சொன்னார்களாம். போன் கம்பெனியில் ஒருவர், தங்களுக்குக் கொடுத்ததைத் தாங்கள் அனுப்புகிறோம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

நாலாம் நம்பர் வீட்டிலிருந்து புகார் வரவில்லையா என்று அம்மா கேட்டாள்.

"இல்லக்கா. யாருன்னே எனக்குத் தெரியாது. பிள்ளைங்க பேரை வெளியாள்கிட்ட குடுக்க மாட்டாங்க, என்கிட்ட இருக்கிறது வெறும் நம்பர்தான். ஆனா நல்ல மனுஷங்க போல. ஒரு வார்த்தை குறை சொல்லல."

வாய்க்குப் பக்கத்தில் போன எறும்பின் கரண்டி அங்கேயே நின்றது.

நாலாம் நம்பர் எறும்பின் இருக்கை. அந்த நல்ல மனுஷி எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா வேலை செய்யும் மருந்துக் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். மாலையில் திரும்பக் கிடைத்ததும் வரிசையாக இருக்கும் செய்திகளை எல்லாம் படிக்காமலே அழித்துவிடுவது அவள் வழக்கம்.

பதினேழாம் நம்பர் யார் என்பதும் எறும்புக்குத் தெரியும்.

அவன் பட்டன். இரண்டாம் வகுப்பு. சட்டையில் ஒரு பட்டனாவது இல்லாமல் வருவான், அதனால் அந்தப் பெயர். அவனுக்குக் கொடுத்திருந்த பதினேழாம் இருக்கை பேருந்தின் கடைசியில், சக்கரத்துக்கு மேலே இருந்தது. எறும்பின் நாலாம் இருக்கை முன்னால், ஜன்னலோரம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், பள்ளிக் குழாயடியில் பட்டன் அவளிடம் வந்து ஒன்று கேட்டான். காலையில் மட்டும் உன் இடத்தை எனக்குக் கொடுப்பாயா? ஏன் என்று அவள் கேட்டாள். அவன் அவள் காதில் சொன்னான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

அவன் சொன்னதை இங்கேயும் சொல்ல முடியாது. சத்தியம் சத்தியம்தான்.

அன்றிலிருந்து எறும்பு காலையில் பேருந்தில் ஏறியதும் நேராகக் கடைசிக்குப் போய்ப் பதினேழில் உட்கார்ந்துவிடுவாள். கால் மணி நேரம் கழித்துப் பட்டன் ஏறி நாலில் உட்காருவான். ஓட்டுநருக்கு எல்லா விளக்கும் எரிந்தால் போதும். யார் எங்கே என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. மாலையில் பட்டன் ஏறிய உடனே தூங்கிவிடுவான். அதனால் மாலையில் அவரவர் இடம் அவரவருக்கு.

ஆக, ஒயர் ஒன்றும் மாறவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் எறும்பு சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மேசையின் விளிம்பைத் தேய்த்தாள். பிறகு, பேருந்துக்கு இருக்கையின் எண் மட்டும்தான் தெரியுமா, உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்றாள் சித்தி. பெல்ட் போட்டாயிற்றா இல்லையா, அவ்வளவுதான் தெரியும்.

"அப்ப யாராவது இடம் மாறி உக்காந்தா?"

"மாற மாட்டாங்க. அதான் ஆளுக்கு ஒரு சீட்டுன்னு..." சித்தி பாதியில் நிறுத்தினாள். நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினாள். "எறும்பு. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லு."

"அது என்னோடது இல்ல சித்தி."

"யாரோடது?"

"அதையும் சொல்லக் கூடாது."

சித்தி அவளையே பார்த்தாள். பிறகு, நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "பஸ் கம்பெனிக்கு போன் போட்டாலும் இதேதான் சொல்றாங்க" என்று சொல்லி, எறும்பின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

சித்தியின் தோளில் சாய்ந்தபடியே எறும்பு யோசித்தாள்.

"கேட்ல மட்டும் எதுக்குக் கார்டு வைக்கிறோம்? பஸ் படிக்கட்டுலயும் அதே கார்டை வச்சா என்ன?"

வாய்க்குப் போன சித்தியின் கட்டை விரல் இறங்கியது.

பேருந்து 'எந்த இடம்' என்று கேட்கிறது. பள்ளி வாயில் 'யார்' என்று கேட்கிறது. இரண்டு வேறு கேள்விகளின் பதிலை வைத்துத்தான் சித்தி இத்தனை நாளும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்டால்? அதன் பிறகு யார் எங்கே உட்கார்ந்தால் என்ன?

சித்தி எறும்பின் நெற்றியில் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். உடனே மறுபடியும் முகம் வாடியது.

"பஸ்ஸுக்குக் கார்டு பெட்டி வாங்கணும்னா ஹெட்மிஸ் காரணம் கேப்பாங்க. பிள்ளைங்க இடம் மாறுறாங்கன்னு சொன்னா, மாறாம உக்காரச் சொல்லுங்கன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க."

எறும்பு இதை யோசித்திருக்கவில்லை. அப்படி முடித்துவிட்டால் சித்தியின் வேலையும் போகும், பட்டனும் கடைசி இருக்கைக்குப் போக வேண்டும்.

மறுநாள் காலை பேருந்தை விட்டு இறங்கியதும் பட்டனைச் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப் போனாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் நாம் மாறி உட்கார்ந்ததால் கம்ப்யூட்டர் என்னை நீ என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சித்திக்கு ஒன்பது மணி வரைதான் நேரம். நீயே அலுவலகத்துக்கு வந்து காரணத்தைச் சொல்வாயா?

பட்டன் காலால் ஒரு கல்லை உருட்டினான்.

"உங்க சித்தி அழுவாங்களா?"

"அழ மாட்டா. நகம் கடிப்பா."

"நகம் தீந்துபோச்சுன்னா?"

எறும்பு நழுவிய பையை முதுகில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எங்க அப்பாவும் வருவாரா?" என்று கேட்டான். புகார் சொன்னவர் அவர்தான், வரச் சொல்லியிருப்பார்கள் என்றாள். அவன் முகம் சுருங்கியது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வகுப்புக்குப் போய்விடலாம், சித்தி எப்படியாவது சமாளித்துவிடுவாள் என்று எறும்பு சொன்னாள். சமாளிப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பட்டன் கல்லை ஓரமாக உதைத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

அலுவலகத்தின் கதவு பாதி திறந்திருந்தது. தலைமையாசிரியை மேசைக்குப் பின்னால் இருந்தார். சித்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சுவரோரமாகப் பட்டனின் அப்பா நின்றார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வேலைக்குப் போகும் வழியில் வந்ததால் காக்கிச் சீருடையில் இருந்தார்.

மூன்று கம்ப்யூட்டர்களும் சரியாகத்தான் வேலை செய்கின்றன என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கையை வைத்து ஆளை முடிவு செய்தது தன் தவறு. பேருந்தின் படியிலும் அட்டை வைக்க ஒரு பெட்டி இருந்தால் இரண்டு நாளில் சரிசெய்துவிடலாம்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளைங்க அவங்கவங்க இடத்துல உக்காந்தா இதெல்லாம் தேவையே இல்லையேம்மா. யார் மாறி உக்கார்றது?"

"தெரியல மேடம்."

"எதுக்கு மாறுறாங்க?"

"அதுவும் தெரியல. ஆனா சும்மா மாற மாட்டாங்கன்னு நினைக்கிறேன்."

"காரணமே தெரியாம நான் எப்படிம்மா பெட்டி வாங்குறது?"

சித்தி மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

கதவு கிரீச்சிட்டது. எறும்பின் கையை விட்டுவிட்டுப் பட்டன் உள்ளே போய் நின்றான். அவன் தலைமையாசிரியையைப் பார்க்கவில்லை, சித்தியையும் பார்க்கவில்லை. அப்பாவின் கறுப்பு ஷூவை மட்டும் பார்த்தான்.

"நான்தான் மாறி உக்கார்றேன். பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வருது. டிரைவர் பையனுக்கே பஸ் ஒத்துக்கலன்னா எல்லாரும் சிரிப்பாங்க. அப்பாவுக்கு அவமானமா இருக்கும். அதான் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற எறும்புக்கு, மூன்று வாரமாக முதுகில் இருந்த இன்னொரு பையை இறக்கி வைத்தது போல இருந்தது.

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டு நாள் போதுமா என்று சித்தியிடம் கேட்டார். போதும் என்றாள் சித்தி. அப்படியானால் பெட்டிக்கு இன்றே சொல்லிவிடலாம், எல்லாப் பேருந்துகளுக்குமாக வேலையைச் சித்தியே பார்க்கட்டும் என்றார். பட்டன் இனி காலையில் முன்னாலேயே உட்காரலாம். கதவுப் பக்கம் பார்த்து, எறும்புக்குச் சம்மதமா என்றும் கேட்டார். எறும்பு வேகமாகத் தலையாட்டினாள். கதவுக்கு வெளியே இவ்வளவு நேரமும் நின்றது தெரிந்துவிட்டதே என்று அப்புறம்தான் உறைத்தது.

பட்டன் இன்னும் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பா அவனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். தலைமையாசிரியையை ஒரு தடவை பார்த்தார், சித்தியை ஒரு தடவை பார்த்தார். காது நுனி சிவந்துவிட்டது. பிறகு மகனின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"எனக்கும் சின்ன வயசுலேருந்து பின் சீட்டு ஒத்துக்காதுடா கண்ணு. முன்னாடி உக்காந்தாதான் வாந்தி வராது. அதுக்காகத்தான் நான் டிரைவரே ஆனேன்."