தறி மேல் விழுந்த பழி

வீட்டுக்கு வீடு தறி ஓடும் செல்லூரில் எங்கே என்ன இரைச்சல் கேட்டாலும் தறியைத்தான் திட்டுவார்கள். அஸ்வினி வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

அஸ்வினியின் அம்மா தாமரைச்செல்வி, வெளிமாநிலத்தில் இருக்கும் ஆறு பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். இரண்டு வருடம் வேலை தேடி அலைந்தவருக்கு இந்த வகுப்பு என்றால் உயிர். மாலை ஐந்து மணி வகுப்புக்கு நாலரைக்கே தலைவாரிப் பொட்டு வைத்து, கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோல உட்கார்ந்துவிடுவார்.

பத்து நாளாக ஒரே புகார். டீச்சர் பேசுவது கேட்கவில்லை, பின்னால் ஏதோ இரைகிறது என்றார்கள் பெற்றோர்கள். இப்படியே போனால் மாதக் கடைசியில் நிறுத்திக்கொள்வதாக இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

பக்கத்து வீட்டில் நல்லகாமன் மாமா நான்கு விசைத்தறிகள் ஓட்டுகிறார். அம்மா தயங்கித் தயங்கிப் போய் விஷயத்தைச் சொன்னார். மாமா கோபப்படவே இல்லை.

"அதுக்கென்ன தங்கச்சி, அஞ்சுலருந்து ஆறு வரைக்கும் நிப்பாட்டிர்றேன். விட்டத விடியக்காலம் எந்திரிச்சு ஓட்டிக்கிறேன்" என்றார்.

தறிகளை நிறுத்தச் சொல்லியாயிற்று என்று அம்மா எல்லோருக்கும் தகவல் அனுப்பினார். மறுநாள் ஐந்து மணிக்குத் தறிகள் நின்றன. கரண்ட் போய்விட்டதோ என்று எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புனேயில் இருக்கும் பையன், "டீச்சர், இன்னும் சத்தம் வருது" என்றான்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அஸ்வினிக்குப் பாவமாக இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஜன்னல் பக்கம் போனால் இரைச்சல் குறைந்தது. அம்மா பக்கம் வந்தால் கூடியது. லேப்டாப்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். தோசைக்கல் மாதிரி சுட்டது. உள்ளே இருக்கும் குட்டி விசிறிதான், மைக்குக்குப் பக்கத்திலேயே அப்படிக் கத்திக்கொண்டிருந்தது.

அஸ்வினிக்குத் திக்கென்றது.

லேப்டாப்பின் மூளை பிராசசர். கார் ரேஸ் விளையாட்டு நின்று நின்று ஓடுகிறதே என்று, ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, பவர் செட்டிங்கில் பிராசசரின் குறைந்தபட்ச வேகத்தை ஐந்து சதவீதத்திலிருந்து நூறாக்கியவள் அவள்தான். அதுவும் பத்து நாளைக்கு முன்னால்தான். அதற்கு முன்பும் மாமாவின் தறிகள் ஓடின, யாரும் புகார் சொல்லவில்லை. சும்மா இருக்கும்போதும் முழு வேகத்தில் ஓடினால் சூடாகாமல் என்ன செய்யும்? சூட்டைத் தணிக்க விசிறியும் விடாமல் சுற்றும். அவ்வளவு செய்தும் கார் வேகமாக ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

யாருக்கும் சொல்லாமல் பழையபடி மாற்றிவிடலாம். ஆனால் சத்தம் நின்றால், தறி நின்றதால்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். மாமா தினமும் தறியை நிறுத்திவிட்டு, தினமும் விடியற்காலையில் எழுவார். அதை நினைத்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மா லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "சரி, மாத்து. நானும் பாக்குறேன்" என்றார்.

அஸ்வினி குறைந்தபட்சத்தை ஐந்தாக்கினாள். அதிகபட்சத்தையும் எண்பதாகக் குறைத்தாள். பாடம் நடத்த அதுவே தாராளம். சற்று நேரத்தில் சூடு தணிந்து விசிறி அடங்கியது.

அடுத்து, அவளே மாமா வீட்டுக்குப் போனாள்.

"சத்தம் ஒங்க தறி இல்ல மாமா. எங்க லேப்டாப்பு. நாந்தான் மாத்தி வச்சிட்டேன். இனிமே நிப்பாட்ட வேணாம்."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என் தறிக்காகப் பேச ஒரு ஆளு வந்திருச்சே" என்று சிரித்தார். ஆனாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. நாளைக்கு ஒரு நாள் நிறுத்தியே வைக்கட்டுமா என்றார். வேண்டாம், சத்தம் கேட்டால் தானே ஓடிவந்து சொல்வதாக அஸ்வினி உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு அம்மா பயந்துகொண்டேதான் வகுப்பைத் தொடங்கினார். அஸ்வினி வாசலில் ஒரு காலும் வீட்டுக்குள் ஒரு காலுமாக நின்றாள்.

"டீச்சர், இப்பதான் நல்லாக் கேக்குது. இன்னைக்குத்தான் தறிய நிறுத்தியிருக்காங்க போல" என்றான் புனே பையன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன.