மருதம் சோப்பு வாங்குகிறவர்கள்

திருச்சியில் மருதம் சோப்பின் விற்பனை ஏறிக்கொண்டே போனது. ஏன் என்றுதான் அமுதவல்லிக்கு விளங்கவில்லை. வணிக மேலாண்மை இறுதியாண்டு ஆய்வுக்காக அந்தச் சோப்பின் சந்தைச் சூழலை எடுத்திருந்தாள். விளம்பரம் கிடையாது. விலையும் குறையவில்லை. போதாததற்கு அந்தச் சோப்பில் துளி வாசனை இல்லை.

கடைக்குப் போய்ப் பொறுக்கி வாங்கும் பழக்கம் ஊரில் எப்போதோ நின்றுவிட்டது. ஆளுக்கொரு விருப்பி இருந்தது. பிறந்ததிலிருந்து கூடவே வளரும் மென்பொருள். உரியவரின் ஆசையைக் கணித்து, அவர் கேட்பதற்கு முன்பே வாங்கி, வாசலில் சேர்த்துவிடும். புதிய பொருள்களைப் பற்றி விருப்பிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அதனால் ஆய்வு செய்கிறவர்கள் மனிதர்களைக் கேட்பதில்லை, விருப்பிகளைத்தான் கேட்பார்கள். அமுதவல்லியும் கேட்டாள். மருதம் வாங்கும் விருப்பிகள் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதிலைக் கூறின: "வாசனை இல்லாதது நிம்மதியாக இருக்கிறது."

அந்தச் சொல் அவளை உறுத்தியது. உறையூர்ப் பக்கம் மருதம் வாங்கும் ஒரு வீட்டுக்கு நேரிலேயே போனாள். ரெஜினா என்ற பெண்மணி கதவைத் திறந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் மருதம் வாங்குறாரும்மா. அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமா?"

"அவரு தவறிப்போயிட்டாரும்மா. விருப்பிய நிறுத்த மனசு வரல. அது பாட்டுக்கு ஓடுது."

"அப்ப பழைய வழக்கத்துல வாங்கிட்டு இருக்கு போல."

"இல்லம்மா. உசுரோட இருக்கயில சந்தன சோப்பத் தவிர வேற எதையும் தொட மாட்டாரு. இப்பதான் மாறிட்டாரு." ரெஜினாவின் குரலில் லேசான பெருமை இருந்தது. "நானும் அதத்தான் போடுறேன்."

அடுத்தடுத்துப் போன வீடுகளிலும் அதே கதை. சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாசலில் சோப்புப் பெட்டிகள் குவிந்திருந்தன.

மருதம் நிறுவனத்தின் விற்பனை மேலாளர் சிவநேசனிடம் போய்ச் சொன்னாள். "உங்க வாடிக்கையாளர்ல பாதிப் பேர் உயிரோட இல்ல சார்."

அவர் அசரவில்லை. "தெரியும்மா. செத்தவங்க விருப்பிக்குத் திருத்திச் சொல்ல ஆள் இல்ல. அதுங்களுக்குள்ளயே பேசி, பேசி, ஒரே ரசனைக்கு வந்துருச்சு. மத்தவங்க விருப்பியும் அதுங்களப் பாத்து மாறுது."

"இது தப்பில்லையா சார்?"

"உங்க வீட்டுல என்ன சோப்பு?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக் குளியலறையில் பல மாதங்களாக மருதம்தான் இருந்தது. அவள் அதைக் கேட்டதும் இல்லை, வேண்டாம் என்றதும் இல்லை.

மறுநாள் காலை அமுதவல்லி தன் விருப்பியை நிறுத்தினாள். இனி எனக்கு வேண்டியதை நானே பார்த்து வாங்கிக்கொள்வேன் என்று நினைத்தபோது மனம் லேசானது. கல்லூரிப் பேருந்தின் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. உணவகத்தில் தட்டு வரவில்லை. விருப்பி இல்லாததால் எந்த இயந்திரத்துக்கும் அவள் நிற்பது தெரியவில்லை. மதியமே வீடு திரும்பினாள்.

அம்மா செல்வநாயகி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். கைப்பேசியில் ஓர் இரங்கல் செய்தி. அமுதவல்லியின் மறைவுக்கு வருந்துகிறோம், அவளுடைய விருப்பியைத் தொடரலாமா என்று விருப்பி நிறுவனத்தார் கேட்டிருந்தார்கள்.

"அம்மா, நான் விருப்பிய நிறுத்துனத வச்சு செத்துட்டேன்னு நினைச்சு அனுப்பியிருக்காங்க. வேண்டாம்னு சொல்லிரு."

"நான் படிக்கிறதுக்குள்ளயே என் விருப்பி சரின்னு சொல்லிருச்சுடி."

பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பெட்டி வந்து இறங்கியது. மேலே அமுதவல்லியின் பெயர். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டுப் புடவை. அம்மா அதை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகை நின்றுவிட்டது.

"எவ்வளவு நல்லா எடுத்திருக்கா பாரு."

அமுதவல்லி புடவையை வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினாள். அம்மா மெல்ல அவள் கையை விலக்கினாள்.

"இரும்மா. அது அவளோடது."