தெற்கே முற்றம், வடக்கே முற்றம்

"குறை நினைக்காதேங்கோ... எல்லா மடத்திலையும் முற்றம் தெற்குப் பக்கம் இல்லை."

நிலாணி பேச்சை நிறுத்தினாள். கனடாவில், ஸ்காபரோ நூலகத்தில் நிறைந்த கூட்டம். ஐரோப்பாவின் இடைக்காலத் துறவி மடங்களைப் பற்றி அவள் படம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒருவன் கை உயர்த்தியபடி குறுக்கிட்டிருந்தான்; நனைந்த தலை, கண்ணாடி... அதற்குப் பின்னால் சிரிக்கிற கண்கள்.

"இங்கிலாந்திலை குளிர். வெயில் பிடிக்கத் தேவாலயத்துக்குத் தெற்கை முற்றம் வைச்சவை. ஸ்பெயினிலை வெயில் சுடும். அங்கை சிலது வடக்கை, நிழலுக்கு."

நிலாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அஜக்ஸ் ஊர்ப் பெடியன் ஒருத்தன் உன்ரை பேச்சுக்கு வருவான். சும்மா பாத்திட்டுப் போகட்டும்" என்று காலையில்தான் அம்மா பாலேஸ்வரி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இனி யார் முன்னாலும் காட்சிக்கு நிற்பதில்லை என்று முடிவெடுத்தவள் அவள். பார்க்க வந்தது போதாதென்று இவன் சோதினையும் வைக்கிறானே...

கூட்டம் முடிந்ததும் அவனை வாசலில் மறித்தாள். வெளியே மழை கொட்டியது.

"பொம்பிளை பாக்க வந்தால் பாத்திட்டுப் போங்கோ. சபையிலை பிழை பிடிக்க வேண்டாம்."

"பொம்பிளையோ?" அவன் முழித்தான். "நான் மழைக்கு ஒதுங்கினனான்... போஸ்டரிலை மடத்தைக் கண்டிட்டு இருந்திட்டன். என்ரை பேர் கீதன். பள்ளிக்கூடத்திலை வரலாறு படிப்பிக்கிறன். லீவு விட்டால் மடம் பாக்கத்தான் போறனான்."

அம்மா அவசரமாய் வந்து காதைக் கடித்தார். "பிள்ளை, அஜக்ஸ் பெடியன் கடைசி வரிசையிலை நல்ல நித்திரை. இப்பத்தான் எழும்பிப் போறான்."

நிலாணியின் முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்க ரோசம் விடவில்லை.

"சரி, வாறன்" என்று கீதன் மழையில் இறங்கி பஸ் தரிப்பை நோக்கி நடந்தான். போன் நம்பர் இல்லை. வீடு எங்கே, தெரியாது. போனால் போனதுதான், அந்தச் சிரிக்கிற கண்களும்...

குடையை மறந்து ஓடினாள்.

"கீதன்! நீங்கள் சொன்னதுதான் சரி. நான் ஸ்பெயின் பக்கம் வடிவாய்ப் படிக்கேல்லை."

"இதுக்கோ நனைஞ்சு ஓடி வாறியள்?"

"இல்லை..." மூச்சு வாங்கியது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஆரும் சொல்லி இல்லை. நானே பாத்து..."

பஸ் வந்தது. கதவு திறந்தது, மூடியது. அவன் ஏறவில்லை.

"எனக்கும்தான்" என்றான் கீதன். "அந்தப் பிழையைப் பிறகு தனியச் சொல்லியிருக்கலாம். நீங்கள் ஒருக்கால் என்ரை பக்கம் பாக்க வேணுமெண்டுதான் கை உயர்த்தினனான்..."