சூடு போகும் இடம்

கம்ப்யூட்டர் குளிர்ந்து கிடந்தது. அது சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததிலிருந்து மகள் இசபெல் அதில் விளையாடிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சோறு ஆறி, மூடுபனி நோர்வூட் மலைகளையெல்லாம் விழுங்கிவிட்டு இன்னும் பசி தீராமல் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற நேரம். இவ்வளவு நேரம் ஓடிய மெஷினின் மேல் அப்பளம் பொரிக்கலாம், கொஞ்சம் பொறுத்தால் ஆட்டுக்கால் சூப்பும் வைக்கலாம். மரியநாயகம் உள்ளங்கையை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார். ஓடைக்குள் கிடந்த கல்லைத் தொட்டதுபோல் இருந்தது.

வேறொருவர் கை என்றால் தப்பிருக்கலாம். மரியநாயகம் தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர். உலர்த்தும் மெஷினின் தகரத்தில் கை வைத்தே உள்ளே தூள் எந்த நொடியில் கருகும் என்று சொல்லிவிடுவார். மாமியாரின் காய்ச்சலை வாசற்படியில் நின்றே அளந்தவர், பிஷப் மேற்றிராணியார் கை கொடுத்தபோது அவருடைய கோபம் எத்தனை டிகிரி என்று கண்டுபிடித்தவர் என்றெல்லாம் பேச்சு உண்டு. அதில் முக்கால்வாசி அவரே கிளப்பிவிட்டது.

கம்ப்யூட்டர், மனைவி பவுலினின் தம்பி கப்பல் வேலையில் சிங்கப்பூர் போனபோது வாங்கிவந்தது. ரூபவாஹினி பார்க்கிற கறுப்பு வெள்ளை டீவியில் சொருகி, கேசட்டைப் போட்டால், உலகத்துப் பூனைகளையெல்லாம் ஒரே சாக்கில் கட்டியதுபோல் அது அலறும். அலறி முடிந்ததும் விளையாட்டு வரும். அட்டனிலிருந்து பட்டிப்பொல வரைக்கும் இப்படி இன்னொன்று இருந்தால் மீசையை எடுத்துவிடுவதாக மரியநாயகம் சவால் விட்டிருந்தார். ஆனால் அரைமணி நேரத்தில் சூடேறிப் படம் அப்படியே நின்றுவிடும். இசபெல் அழுவாள்.

அட்டனில் ரேடியோ திருத்தும் றோலண்டைக் கூட்டிவந்து காட்டினார்.

"மச்சான், இதோட சட்டையக் கழட்டு. பெரிய பெட்டி ஒண்ணுக்குள்ள வையி," என்றார் றோலண்ட். "கீழ ஒரு ஓட்டை, குளிர் காத்து வர. மேல ஒரு ஓட்டை, சூடு போக. ரெண்டும் கை போற மாதிரி இருக்கட்டும். உள்ள பலகை ஆடிச்சின்னா அழுத்தி விடலாம்."

"ஃபேன் ஒண்ணு வைக்க வேணாமா?"

"இந்தக் குளிருக்குள்ள இருந்துக்கிட்டு ஃபேன் கேக்கிற ஒரே மனுசன் நீதான். ஒண்ணு மட்டும் மனசுல வச்சிக்க. சூடு காணாமப் போறதில்ல. இங்கருந்து வேற எங்கயோ போகுது. அது எங்க போகுதுன்னு பாத்துக்க."

பெட்டி, தச்சர் சிவசாமியின் கொட்டிலில் கிடைத்தது. தேயிலைப் பெட்டிப் பலகை, உள்ளே பளபளவென்று ஈயத்தாள், மூலைகளில் தகரம், இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி. தேயிலைப் பெட்டியைவிட நீளம், உயரம் குறைவு. சிவசாமி வீட்டில் இல்லை. அவர் மனைவி காளியாயி, கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, "அது வேணாங்கய்யா, வேற ஒண்ணு செஞ்சு தரச் சொல்றேன்," என்றாள். மரியநாயகம் அந்தத் தோட்டத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. டீமேக்கர் ஐயா ஒன்றைக் கேட்டால் இல்லை என்ற சொல் எந்தத் தோட்டத்திலும் கிடையாது என்பது மட்டும் தெரியும். தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது அந்தப் பெட்டியின் மேல்தான் கை வைத்துக்கொண்டு நின்றார். முதலில் சந்தோஷம்தான். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, சூடு ஒழுங்காக வெளியே வருகிறதா என்று பார்க்க இனிப்பு சுற்றிவந்த ஒரு டொபித் தாளை மேல் ஓட்டையருகில் பிடித்தார். சூட்டுக் காற்றில் தாள் மேலே எழும்ப வேண்டும்.

தாள் உள்ளே இழுபட்டது. மெல்ல எழும்பியது. மறுபடியும் உள்ளே இழுபட்டது. தூங்குகிற குழந்தையின் நெஞ்சு எந்த வேகத்தில் ஏறி இறங்குமோ அந்த வேகத்தில்.

"பாப்பாதான் மூச்சு விடுது," என்றாள் இசபெல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எந்தப் பாப்பா?"

"இதுக்கு வெளையாடவே தெரியலப்பா. சும்மா என் பின்னாலயே வருது."

திரையில் இசபெலின் குட்டி மனிதன் கோட்டைச் சுவர்களுக்கிடையே ஓடினான். அந்த விளையாட்டில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவனுக்குப் பின்னால், அவனில் பாதி உயரத்தில் வெள்ளையாக ஒன்று தள்ளாடித் தள்ளாடி வந்தது. ஏரியல் கோளாறு என்று மரியநாயகம் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டு மெஷினை நிறுத்தினார்.

அன்று மாலைச் செபத்தில் பவுலின்தான் முதலில் கவனித்தாள். "என்னங்க, இவ கையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். ஓடைக்கல்.

கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டுப் போட்டு, பிள்ளை நுவரெலியா முட்டைக்கோவாபோல் உருண்டையாகிவிட்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் வந்து வெப்பமானியை வைத்துப் பார்த்து, அதை உதறி, மறுபடி வைத்துப் பார்த்து, "இது பழுதாப்போச்சு போல," என்று பைக்குள் போட்டுக்கொண்டார். இசபெலின் உதடு நாவல் பழம் தின்றதுபோல் இருந்தது.

"வெளையாடணும்," என்று முனகினாள். மனசு கேட்காமல் மெஷினைப் போட்டுக் கொடுத்தார். கேசட் அலறி முடிவதற்குள் பிள்ளையின் கன்னத்தில் சிவப்பு ஏறிவிட்டது.

மரியநாயகம் ஒரு கையைப் பெட்டியிலும் மறு கையை மகளின் கழுத்திலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெஷின் ஓடினால் பெட்டி அதன் சூட்டைக் குடிக்கிறது, பிள்ளையை விட்டுவிடுகிறது. நிறுத்தினால் பிள்ளை குளிர்கிறாள். பெட்டியைத் தூக்கிக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தும் பார்த்தார். பிள்ளை விறைக்கிறாள் என்று பவுலின் வீட்டுக்குள்ளிருந்து போட்ட சத்தத்தில் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அதன்பிறகு மெஷினை நிறுத்தவே இல்லை. பிள்ளையின் கட்டிலும் அதன் பக்கத்துக்கு வந்தது.

றோலண்ட் மறுபடியும் வந்தார்.

"இது இன்னும் சூடாகணும், மச்சான்," என்றார் மரியநாயகம்.

"ஊரெல்லாம் குளிரவைக்கக் கேக்குது, நீ சூடாக்கக் கேக்குற. பவுலின், இவனுக்கு ஒரு தேசிக்காய் தேச்சுத் தலைமுழுக வையிம்மா."

"சூடாகுமா, ஆகாதா?"

அந்த முகத்தைப் பார்த்து றோலண்ட் கேலியை விட்டார். "பெரிய டிரான்ஸ்போர்மர் போடலாம். மெமரிப் பலகை ஒண்ணும் சேத்தா நல்லாவே சூடேறும்."

மூடியைக் கழற்றினார். பழைய பாலும் மஞ்சளும் நனைந்த மண்ணும் கலந்த ஒரு வாடை வந்தது. ஈயத்தாள் முழுக்க வியர்த்திருந்தது. அதில் சின்னச் சின்னப் பள்ளங்கள், உள்ளேயிருந்து அழுத்தியவை, நாலும் ஐந்துமாகச் சேர்ந்து சேர்ந்து. றோலண்ட் தன் சுண்டுவிரலை ஒரு பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். நுனிகூடப் போகவில்லை.

"எலி," என்று சிரித்தார்.

பிறகு சிரிக்கவில்லை. அவசர அவசரமாக வேலையை முடித்து, ஊற்றிவைத்த தேநீரைக் குடிக்காமல் அட்டன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். தேநீரை மறுத்து றோலண்ட் போனது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

கேசட்டைப் போட்டார்கள். இசபெலின் குட்டி மனிதன் வந்தான். அவனுக்குப் பின்னால் ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. விடியற்காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிற வரிசைபோல் சுவரோரமாக, தள்ளாடித் தள்ளாடி.

"எடம் கூடிருச்சுல்லப்பா," என்றாள் இசபெல் சந்தோஷமாக. "இப்ப எல்லாரும் வர்றாங்க."

மறுநாள் அந்தி சாய்கிற நேரத்தில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சிவசாமி பின்வாசலில் வந்து நின்றார். தூறல் சாக்கிலிருந்து சொட்டியது.

"பெட்டிய வாங்கிட்டுப் போக வந்தேங்கய்யா. மேல் லயத்து வீட்டுல சின்னராசாவோட புள்ள தவறிருச்சு."

"அது... அதுக்கா அந்தப் பெட்டி?"

"ஆமாங்க. புள்ளைங்களுக்குன்னு இங்க அது ஒண்ணுதான். அதுல வச்சுத் தூக்கிட்டுப் போவோம். துணியோட குழியில எறக்கிட்டுப் பெட்டியத் திருப்பிக் கொண்டாந்துருவோம். அடுத்ததுக்கு வேணுமில்லீங்களா."

"எத்தனை பிள்ளைங்க போயிருக்கும் அதுல?"

சிவசாமி யோசித்தார். "எங்கப்பன் செஞ்ச பெட்டிங்க அது," என்றார். "எல்லாம் இந்த மாதிரி மழை மாசத்துலதான். குளிர் தாங்காதுல்ல, சிறுசுங்க."

மரியநாயகம் பிள்ளையைப் பார்க்க உள்ளே திரும்பினார். அப்போதுதான் அது நின்றது. இரவும் பகலும் மலையடியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிற, கேட்டுக் கேட்டுக் காதுக்குத் தெரியாமலே போய்விட்ட, வீட்டுக்கும் கரண்ட் தருகிற தொழிற்சாலையின் இரைச்சல். தேய்ந்தது. இழுத்தது. நின்றது.

தலைக்கு மேல் பல்ப் மஞ்சளானது. சிவப்பானது. போனது.

ஓடினார்.

அறைக்குள் ஜன்னல் அளவு சாம்பல் வெளிச்சம். செத்த திரை. பவுலின் பிள்ளையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுக்கிறாள். இசபெலின் வலது கை மேல் ஓட்டைக்குள். முழங்கை வரை. தோள் வரை.

"விட மாட்டேங்கிறாங்கப்பா."

மூச்சு புகையாக வந்தது அவளுக்கு. பிறகு புகையும் வரவில்லை.

மரியநாயகம் இழுத்தார். வரவில்லை. பலகையைக் குத்தினார். உடையவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகை. காலால் உதைத்தால் நொறுங்குகிற பலகை.

கீழ் ஓட்டை இருந்தது.

உலர்த்தும் மெஷினின் தகரத்தில் காய்த்துப்போன கையை, இருபது வருடச் சூடு ஏறிய கையை, உள்ளே விட்டார்.

மேலே பிடி தளர்ந்தது. இசபெல் பவுலினின் மடியில் விழுந்தாள். இருமினாள். அழுதாள். சுடச்சுட அழுதாள்.

உள்ளே, அவருடைய கட்டைவிரலை ஒன்று பற்றியது. மெதுவாக. பால் குடிக்கும் பிள்ளை பற்றுவதுபோல. அடுத்த விரலை இன்னொன்று. அடுத்ததை இன்னொன்று. விரல்கள் முடிந்துபோயின. மணிக்கட்டைப் பிடித்தன. முழங்கையைப் பிடித்தன. வலிக்கவில்லை. குளிர்ந்தது.

"ஐயா," பின்வாசலில் சிவசாமியின் குரல். "பெட்டிங்கய்யா."

கரண்ட் வந்தது. கேசட் இல்லாமலே திரை ஒளிர்ந்தது. இசபெலின் குட்டி மனிதன் அங்கே இல்லை. நடுவில் பெரிதாக ஓர் ஆள், கையை நீட்டியபடி அசையாமல் நின்றார். அவரைச் சுற்றி, சுவர் தெரியாதபடி, வெள்ளை வெள்ளையாகச் சிறிசுகள். திரையின் ஓரத்தில் ஒன்று மட்டும் தனியாக வந்து நின்றது. புதிது. வழி தெரியவில்லை அதற்கு.

பெட்டிக்குள், அவருடைய முழங்கையைப் பற்றியிருந்த விரல்கள் கொஞ்சம் நெருங்கி, அதற்கு இடம் விட்டன.