ஊதா வட்டம்

“நடந்து வந்தவ அவ. இன்னா மருந்த ஏத்துன நீ—”

“சோதனை ஊசி போட்டு, அரை மணி நேரம் உக்கார வெச்சு, பாத்துட்டுத்தான்—”

“பாத்திருந்தா எப்படி செத்தா? மருந்த மாத்திட்ட. இப்ப மறைக்கிற.”

“மாத்தலை. வட்டத்துக்குள்ள ஒரு தடிப்புகூட இல்லை.”

மேனாம்பேட்டில் டாக்டர் மனோகரனின் சின்ன நர்சிங் ஹோமுக்குள் ஞானம்மாள் நுழைந்தபோது, செத்தவளின் புருஷன் அப்பாவுவும் நர்ஸ் சொர்ணமும் இப்படி மோதிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் ஞானம்மாள். சொர்ணம் அவளிடம் படித்த பெண். சாயங்காலம் போலீஸ் வருவதற்குள் நடந்தது என்னவென்று தெரிந்தாக வேண்டும் என்று திருமுல்லைவாயிலில் இருந்த ஞானம்மாள் வீட்டுக்கு டாக்டர் ஆள் அனுப்பியிருந்தார். மருந்து மாறியது உண்மையானால் சொர்ணத்துக்கு வேலை போகும், ஜெயிலும் உண்டு. துணைக்கு வந்த பக்கத்து வீட்டு டீச்சர் கஸ்தூரி, விசாரணையைக் குறித்துக்கொள்ள பஸ்ஸிலேயே நோட்டைத் திறந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அப்பாவுவின் மனைவி தாயம்மாவுக்குத் தகரம் கிழித்துக் கால் வீங்கியிருந்தது. டாக்டர் பென்சிலின் எழுதினார். அந்த மருந்து சிலருக்கு விஷம். அதனால் முதலில் ஒரு சொட்டை முன்கைத் தோலுக்கடியில் ஏற்றி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டு, அரை மணி காத்திருப்பார்கள். அந்த இடம் தடித்தால் முழு ஊசி கிடையாது. தாயம்மாவுக்குத் தடிக்கவில்லை என்கிறாள் சொர்ணம். முழு ஊசி ஏறிப் பத்து நிமிஷத்தில் அவள் மூச்சு நின்றுவிட்டது.

கஸ்தூரிக்குச் சந்தேகமே இல்லை. மருந்துதான் மாறியிருக்கிறது என்றாள். ஞானம்மாள் புட்டியை எடுத்துப் பார்த்தாள். பென்சிலின்தான், தேதியும் தாண்டவில்லை. அதே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பேர் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். அப்படியானால் சோதனையே செய்யவில்லை என்று கஸ்தூரி கட்சி மாறினாள்.

“அதையும் கையைப் பாத்தாத்தான் சொல்ல முடியும். வா,” என்றாள் ஞானம்மாள்.

உள்ளறையில் ஞானம்மாள் போர்வையை விலக்கினாள். தாயம்மாவின் வலது முன்கையில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. ஜன்னலைத் திறந்து வெகு நேரம் குனிந்து பார்த்தாள். வட்டத்துக்குள் ஊசி குத்திய தடம் இல்லை. பிறகு இடது கையைத் திருப்பினாள். அதில் வட்டம் இல்லை. வளையலுக்குப் பக்கத்தில் கழுவிக் கரைந்த நீல மை. அதற்கு மேலே ஒரு குத்து, சுற்றிலும் தடிப்பு, நகத்தால் சொறிந்த கோடுகள்.

கஸ்தூரி எழுதுவதை நிறுத்தினாள்.

வெளியே வந்ததும் ஞானம்மாள் சொர்ணத்திடம் எந்தக் கையில் சோதனை ஊசி போட்டாள் என்று கேட்டாள். எப்போதும் போல இடது கையில்தான் என்றாள் அவள். பையிலிருந்த பேனாவையும் காட்டினாள். நீல மை. அரை மணி கழித்துப் பார்த்தது எந்தக் கை என்று கேட்டதற்கு மட்டும் சொர்ணம் தடுமாறினாள். பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள், வட்டம் இருந்த கையைப் பார்த்தேன் என்றாள்.

ஞானம்மாள் அப்பாவுவின் பக்கம் திரும்பினாள். அவன் கீழுதட்டில் ஊதாக் கறை படிந்திருந்தது.

“உனக்கு என்னப்பா வேலை?”

“இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல, கம்பெனி குடோன்ல. பொட்டிங்க மேல நம்பர் போடுவேன்.”

“எச்சில் தொட்டா ஊதாவா எழுதுமே, அந்தப் பென்சில்லயா?”

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “ஆமா. அதுக்கின்னா?”

“வட்டம் எப்படி அழிஞ்சுது?”

“அரிக்குது அரிக்குதுன்னா. கொழாயாண்ட போயி கழுவிக்கினா. வட்டம் பூட்ச்சி. அழிஞ்சா மறுபடி மொதல்லேர்ந்துன்னு இந்தம்மாதான் சொல்லிச்சு. எனக்கு அர நாள்தான் லீவு. அந்தக் கை எரியுதுன்னா, அதான் வலது கைல என் பென்சில்லயே போட்டுவுட்டேன். வட்டம்தானே, எந்தக் கைல இருந்தா இன்னான்னு.”

தப்பு செய்தவன் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. அதுதான் கேட்கப் பொறுக்கவில்லை.

ஞானம்மாள் உட்கார்ந்துகொண்டாள். “மருந்து மாறலை அப்பாவு, கை மாறிடுச்சு. அந்த அரிப்புதான் பதில். இந்த மருந்து எனக்கு ஆகாதுன்னு அவ உடம்பு சொல்லிச்சு. வட்டம் ஒரு அடையாளம், அவ்வளவுதான்.” பிறகு சொர்ணத்திடம், “நீ வட்டத்தைப் பாத்தே. கையைப் பாக்கலை,” என்றாள்.

சொர்ணம் தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

“பாக்கலைதான். தப்புதான் அம்மா. ஆனா எதுக்கு வட்டம்னு அந்தப் பொண்ணு என்னைக் கேட்டா. நான் சொல்லலை. நோயாளிக்கு விளக்கம் சொல்லாதே, பயந்து ஓடிடுவாங்க, அழிக்காதேன்னு மட்டும் சொல்லுன்னு வகுப்புல நீங்கதானே சொன்னீங்க.”

ஞானம்மாளுக்கு அந்த வகுப்பறை நினைவிருந்தது. சொன்னதும் நினைவிருந்தது. எத்தனை வருஷம், எத்தனை பெண்களுக்குச் சொன்னாள் என்பதுதான் நினைவில்லை.

அப்பாவு உள்ளறை வாசலில் போய் நின்றான். கோபமெல்லாம் வடிந்து, உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கறை போகவில்லை. திரும்பி, சொர்ணத்தை விட்டுவிட்டு ஞானம்மாளைப் பார்த்துக் கேட்டான்.

“அரிச்சா சொல்லுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, சொல்லிருப்பாளே அம்மா?”